மாடல் விமான எஞ்சினில் ஊசிக் கோளாறு: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

தரையில் நன்றாக ஓடிய எஞ்சின், விமானம் மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியதும் சத்தம் இறங்கி நின்றுவிடுகிறது. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியின் அமைப்பு போன வாரம் சரியாக இருந்தது, இந்த வாரம் ஒத்துவரவில்லை. ஊசியை அரைச் சுற்றுத் திறந்தாலும் மாற்றம் தெரியவில்லை. இன்னும் இரண்டு க்ளிக் (ஊசித் தலையின் ஒரு பள்ளம் நகர்வது ஒரு க்ளிக்) திறந்தால் திடீரென்று புகையைக் கக்கித் திணறுகிறது. மெத்தனாலில் ஓடும் க்ளோ எஞ்சினை வைத்துப் பறக்கவிடத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தத் தொல்லைகள் வரும். உடனே கை ஊசிக்குத்தான் போகும். ஆனால் கோளாறு பெரும்பாலும் ஊசியின் முனையில் இருப்பதில்லை. டேங்குக்குள் இருக்கும் ட்யூபிலோ, ஊசியைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையத்திலோ, கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதியிலோ இருக்கும். காரணம் தெரியாமல் ஊசியைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகும்: பழைய பழுது அப்படியே இருக்க, சரியான அமைப்பும் தொலைந்துபோகும்.

பயிற்சி விமானங்களில் பரவலாகப் பயன்படும் .40 முதல் .46 வரையிலான டூ-ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின்களை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்பட்டுள்ளது. இந்த எண்கள் கன அங்குலக் கணக்கு; .40 என்றால் சுமார் 6.5 சிசி, .46 என்றால் சுமார் 7.5 சிசி. ஓ.எஸ்., தண்டர் டைகர், என்யா, சூப்பர் டைகர் என எந்த நிறுவனத்தின் எஞ்சினாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

ஊசி செய்யும் வேலை

இந்த எஞ்சின்களின் கார்புரேட்டரில் பைக் கார்புரேட்டரில் இருப்பதுபோல மிதவையோ எரிபொருள் கிண்ணமோ கிடையாது. காற்று ஒரு குறுகலான வழியாக உள்ளே பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் குறுக்காக நிற்கும் மெல்லிய குழாய்தான் ஸ்ப்ரே பார். குறைந்த அழுத்தம் இழுக்க, மஃப்ளரிலிருந்து (சைலன்சர்) டேங்குக்குப் போகும் ட்யூபின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ள, எரிபொருள் அந்தக் குழாயின் துளை வழியே வெளிவந்து காற்றோடு கலக்கிறது. அந்த ஓட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது, கூம்பாகச் சரிந்த முனையுடைய ஊசி. வலப்பக்கம் திருப்பினால் ஊசி உள்ளே போய் வழி குறுகும். இடப்பக்கம் திருப்பினால் வழி விரியும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு கிராம் எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம் போதும். அதாவது, அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் ஊசியைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு .46 எஞ்சின் முழு திராட்டிலில் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லி குடிக்கும். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு: உயவு எண்ணெய் எரிபொருளோடுதான் கலந்து வருகிறது, வழக்கமாக 18 முதல் 20 சதவீதம். ஆகவே எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். ‘கொஞ்சம் லீனாக (எரிபொருள் குறைவாக) ஓடினால் என்ன, ஆர்.பி.எம். நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சூடு ஏறுகிற அதே நேரத்தில் எண்ணெய் வரத்தும் குறைகிறது. பிஸ்டனும் லைனரும் கனெக்டிங் ராடின் புஷ்ஷும் சேர்ந்து தேயும்.

எரிபொருள் அதிகமாகப் போவதை ரிச் என்றும், குறைவாகப் போவதை லீன் என்றும் சொல்கிறோம். இந்த இரண்டையும் காதால் பிரித்தறியப் பழகுங்கள். முழு திராட்டிலில் மிகவும் ரிச்சாக ஓடும் எஞ்சின் அடர்த்தியான வெள்ளைப் புகையோடு, தாழ்ந்த தடதடப்பான சத்தத்தில் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் எரிவதால் வரும் சத்தம் அது. அதிலிருந்து ஊசியை மூடிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் சத்தம் சட்டென்று தெளிந்து உயரும். மேலும் மூடினால் உச்சத்துக்குப் போகும். உச்சத்தையும் தாண்டி மூடினால் சத்தம் தொய்ந்து, புகை மறைந்து, எஞ்சின் நின்றுவிடும். பறக்க வேண்டிய இடம் உச்சம் அல்ல. உச்சத்துக்குச் சற்று முன்னால், ரிச் பக்கம்.

ஊசியைத் தொடும் முன்

முதலில் கம்பிச்சுருளின் சூட்டால் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றிப் பாருங்கள். பழைய பிளக் கிட்டத்தட்ட எல்லா ஊசிக் கோளாறுகளின் அறிகுறியையும் காட்டும்: ஐட்லிங்கில் நிற்கும், திராட்டில் கொடுத்தால் தயங்கும், பேட்டரியை எடுத்ததும் ஆர்.பி.எம். இறங்கும். கழற்றிய பிளக்கின் கம்பிச்சுருளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பாக, வடிவம் கெடாமல் இருந்தால் நல்லது. சாம்பல் பூத்து மங்கியோ நெளிந்தோ இருந்தால் எஞ்சின் லீனாக ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது டேங்க். டேங்குக்குள் எரிபொருளை எடுக்கும் மெல்லிய ட்யூபின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும். அதை க்ளங்க் என்பார்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டு எரிபொருள் இருக்கும் பக்கம் விழ வேண்டும். இறக்கம் முரட்டுத்தனமாகிவிட்டால் குண்டு முன்பக்கம் பாய்ந்து ட்யூப் மடிந்து சிக்கிக்கொள்ளும். அப்போது தரையில் எல்லாம் சரியாக இருக்கும். மூக்கைத் தூக்கியதும் எரிபொருள் பின்னால் போக, குண்டு முன்னால் கிடக்க, எஞ்சின் காற்றை உறிஞ்சும். டேங்கைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். குண்டு ஆடும் சத்தம் கேட்க வேண்டும்.

ட்யூபில் விழும் ஊசித்துளைதான் மிகவும் ஏமாற்றும். துளை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதைப் போல, ட்யூபின் ஓட்டை வழியே காற்று நுழைந்து எரிபொருளோடு கலந்துவிடும். ட்யூப் டேங்கின் பித்தளைக் குழாயில் மாட்டும் விளிம்பிலும், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலைத் துளைத்துப் போகும் இடத்திலும்தான் பெரும்பாலும் கிழியும். டேங்குக்குள் இருக்கும் துண்டு வெளியிலிருந்து தெரியாது. காலப்போக்கில் அது மிருதுவாகி, குண்டின் காம்பில் மாட்டிய இடத்தில் வெடித்திருக்கும். இதைச் சோதிக்க, மஃப்ளர் ட்யூபின் வாயை மூடிவிட்டு, எரிபொருள் ட்யூபில் ஒரு சிரிஞ்சால் மெல்லக் காற்றேற்றி டேங்கைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வெளியே குமிழி வந்தால் டேங்கின் மூடியிலோ வெளி ட்யூபிலோ கசிவு. உள் ட்யூபுக்கு இந்தச் சோதனை போதாது. அதைக் கழற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எல்லா சிலிக்கான் ட்யூபையும் மாற்றிவிடுவது, தேடி அலைவதைவிட மலிவு. வாயால் எதையும் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். மெத்தனால் கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும் விஷம்.

எரிபொருள் வழியில் சிறு ஃபில்டர் மாட்டுவது பலரின் வழக்கம். அந்த ஃபில்டரின் திருகு மூட்டே காற்று நுழையும் வழியாகிவிடுகிறது. ஃபில்டரை நிரப்பும் கேனின் ட்யூபில் வைத்துக்கொண்டு, விமானத்துக்குள் மூட்டுகளைக் குறைப்பதே நல்ல ஏற்பாடு.

மஃப்ளரிலிருந்து டேங்குக்கு வரும் ட்யூப் கழன்றிருக்கிறதா, மஃப்ளரின் சிறு நிப்பிள் கரியால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் முழு திராட்டிலில் எஞ்சின் லீனாகும். டேங்கின் நடு உயரம் ஊசியின் மட்டத்திலோ கால் அங்குலம் கீழாகவோ இருக்கட்டும். டேங்க் மிகவும் தாழ்வாக இருந்தால், நிறைந்திருக்கும்போது ரிச்சாகவும் காலியாகும்போது லீனாகவும் மாறும் வித்தியாசம் பெரிதாகிவிடும். டேங்கைச் சுற்றி ஃபோம் வைக்காமல் மரத்தோடு ஒட்டி வைத்தால், அதிர்வில் எரிபொருள் நுரைத்து அந்த நுரையே ஊசிக்குப் போகும். அதற்கும் ஊசியில் மருந்தில்லை.

அடைப்பு

ஊசியைத் திறக்கத் திறக்க எஞ்சின் லீனாகவே இருந்து, திடீரென்று ஒரு நொடி ரிச்சாகி, மறுபடி லீனானால், ஊசியின் இருக்கையில் ஏதோ துகள் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ட்யூபை வெட்டும்போது உதிரும் சிலிக்கான் துணுக்கு, துணி நூல், உறைந்த ஆமணக்கெண்ணெய்த் துளி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

முதலில் ஊசி இப்போது எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள்: மெதுவாக வலப்பக்கம் திருப்பி, தடை தட்டும் வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும், தட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும், இறுக்கக் கூடாது. பிறகு ஊசியை முழுவதும் கழற்றுங்கள். ஒரு சிரிஞ்சில் சுத்தமான எரிபொருளை எடுத்து, எரிபொருள் நுழையும் நிப்பிளில் மாட்டிச் செலுத்தினால் ஊசியின் துளை வழியே வெளியே கொட்டும். அதோடு நிறுத்திவிட்டால் துகள் இடம் மாறும், வெளியேறாது. ஆகவே எதிர்த்திசையிலும் அடிக்க வேண்டும்: ஊசியின் துளையில் ட்யூபை அழுத்திப் பிடித்து, நிப்பிள் பக்கம் வெளியேறும்படி செலுத்துங்கள். நிப்பிள் தனித் திருகாக இருந்தால் கழற்றிக் கழுவலாம். அதன் வாஷரைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிவரும் எரிபொருளை வெள்ளைக் காகிதத்தில் பிடித்தால் துகள் வந்ததா என்று கண்ணால் பார்க்கலாம்.

எஃகுக் கம்பியையோ தையல் ஊசியையோ ஸ்ப்ரே பாருக்குள் விடாதீர்கள். அது பித்தளை, ஒரு கீறல் விழுந்தால் ஊசி சரியாக உட்காராது, அளவும் மாறிவிடும். சிரிஞ்சால் அடித்துக் கழுவியும் போகாத அடைப்பை மெத்தனாலில் ஒரு இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

காற்று நுழையும் வழிகள்

ஊசியின் திருகுப் புரி காற்றை அடைக்காது. புரிகளுக்கு இடையே எப்போதும் இடைவெளி உண்டு. அதை அடைப்பது ஊசியின் மேல் அல்லது அதன் உறைக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையமான ஓ-ரிங். சூட்டிலும் எரிபொருளிலும் கிடந்து அது கடினமாகி, தட்டையாகி, ஒருநாள் வெடிக்கும். அப்போது ஸ்ப்ரே பார் எரிபொருளோடு புரி வழியே காற்றையும் சேர்த்து இழுக்கும். இதன் அடையாளம் தெளிவானது: ஊசியின் தலையை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் ஆர்.பி.எம். மாறும்; ஊசி வழக்கத்தைவிட நிறைய சுற்றுகள் திறந்தால்தான் எஞ்சின் ஓடும்; அப்படியும் அமைப்பு நிலைக்காது.

சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஊசியும் அதன் உறையும் சேரும் இடத்தின் மேல் பொருந்தும் அளவில் ஒரு சிறு சிலிக்கான் ட்யூப் துண்டை மாட்டுங்கள். மறுபடி ஓட்டும்போது எஞ்சின் தெளிவாக ரிச்சாகிவிட்டால் ஓ-ரிங் போய்விட்டது. அந்த ட்யூப் துண்டோடு அன்றைய பறத்தலை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஓ-ரிங்கை மாற்றுவதுதான் முடிவான வழி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் ஓ-ரிங்கைப் போடாதீர்கள். சில வகை ரப்பர் மெத்தனாலிலும், எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீத்தேனிலும் ஊதிப் பருத்துவிடும். அந்த எஞ்சினுக்கான உதிரிபாகமாக வாங்குங்கள். மாட்டும் முன் ஒரு துளி ஆமணக்கெண்ணெய் தடவினால் புரியின் முனையில் கிழியாமல் உட்காரும்.

ஓ.எஸ். எல்.ஏ. வரிசை போன்ற சில எஞ்சின்களில் பிரதான ஊசி கார்புரேட்டரில் இல்லை. புரொப்பெல்லரிலிருந்து கை விலகியிருக்கட்டும் என்று எஞ்சினின் பின்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். ஊசியிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு குட்டை ட்யூப் போகும். அந்த ட்யூபும் அதன் இரு முனைகளும் காற்று நுழைய இரண்டாவது வாசல். இந்த எஞ்சின்களில் ஊசி அலைந்தால் முதலில் அந்தத் துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வாசல் கார்புரேட்டரின் கழுத்து. கார்புரேட்டர் கிராங்க்கேஸுக்குள் இறங்கும் இடத்தில் தடித்த ஓ-ரிங் ஒன்று இருக்கும். பக்கவாட்டுத் திருகு தளர்ந்தாலோ, கார்புரேட்டர் முழுவதும் அமுங்காமல் இறுக்கப்பட்டிருந்தாலோ அங்கே காற்று நுழையும். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்க மறுக்கும். திராட்டிலை முழுவதும் மூடியும் 3,500, 4,000 ஆர்.பி.எம். என்று ஓடும், அல்லது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முழு திராட்டிலில் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே போகும் மொத்தக் காற்றில் இந்தக் கசிவு சிறு பங்குதான். திருகைத் தளர்த்தி, கார்புரேட்டரைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். பின்பக்க மூடியின் நான்கு திருகுகளையும் அதே கையோடு குறுக்குக் குறுக்காகச் சரிபாருங்கள்.

ஊசியே பழுதாகியிருந்தால்

கழற்றிய ஊசியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, தலைப்பகுதி விளிம்புக்கு வெளியே தொங்கும்படி உருட்டுங்கள். முனை மேலும் கீழும் ஆடினால் ஊசி வளைந்திருக்கிறது. விமானம் மூக்கால் மோதிய பிறகு இதைப் பார்க்காமல் விடக் கூடாது. வளைந்த ஊசி திரும்பும்போது துளையின் ஒரு பக்கம் நெருங்கியும் மறு பக்கம் விலகியும் போவதால், கால் சுற்றுக்குள்ளேயே ரிச், லீன், ரிச் என்று மாறும். நிமிர்த்த முயல வேண்டாம். நிமிர்த்திய ஊசி ஒருபோதும் நேராக இருக்காது.

பிறகு முனையின் சரிவை உருப்பெருக்கியில் பாருங்கள். சரிவைச் சுற்றிப் பளபளப்பான வளையமோ படியோ தெரிந்தால், யாரோ ஊசியை எரிபொருள் குழாயடைப்பாக நினைத்து இறுக்கி மூடியிருக்கிறார்கள். அந்தப் படி துளையில் நிற்கும் இடத்தில் ஒரு க்ளிக் திருப்பினால் ஒன்றும் நடக்காது. அடுத்த க்ளிக்கில் அளவு தாவும். ஊசியை மாற்ற வேண்டும். ஸ்ப்ரே பாரின் வாயும் அகன்றிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஊசியை முழுவதும் மூடியும் எரிபொருள் வருகிறதா என்பதைக் கழற்றிய நிலையிலேயே கண்டுபிடிக்கலாம்: ஊசியைத் தட்டும்வரை மூடி, நிப்பிளில் சிரிஞ்சை மாட்டி, கார்புரேட்டரை ஒரு கிண்ணம் மெத்தனாலில் அமிழ்த்தி மெல்லக் காற்றை அழுத்துங்கள். ஸ்ப்ரே பாரின் வாயில் குமிழி வந்தால் இருக்கை பழுது. வாயில் வராமல் நிப்பிளின் அடியில் வந்தால் அதன் வாஷர். ஒரே சோதனையில் இரண்டும் பிரிந்துவிடும்.

பறக்கும்போது ஊசி தானாகத் திரும்புவதும் உண்டு. ஊசித் தலையின் பள்ளங்களில் அழுந்தி நிற்கும் வளைந்த எஃகுத் தகடுதான் ஒவ்வொரு க்ளிக்கையும் பிடித்து வைக்கிறது. அது தளர்ந்தால் அதிர்வில் ஊசி நகரும். தகட்டைக் கழற்றிச் சற்று உள்நோக்கி வளைத்து மாட்டினால் பிடிப்பு திரும்பும். ஊசித் தலையில் ஒரு கோடு போட்டு வைத்தால், இறங்கிய பிறகு நகர்ந்ததா என்று பார்த்தவுடன் தெரியும்.

ஐட்லிங் ஊசி: திசை மாறும் இடம்

தொடக்கக்காரர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. திராட்டில் கையின் நடுவில் தெரியும் திருகு பெரும்பாலான எஞ்சின்களில் இரண்டாவது ஊசி. திராட்டிலை மூடும்போது, காற்றுவழியைத் திறந்து மூடும் உருளையான பேரல் சுழல்வதோடு பக்கவாட்டிலும் நகர்கிறது. அப்போது இந்த ஊசி ஸ்ப்ரே பாரின் வாய்க்குள் நுழைந்து எரிபொருளைக் குறைக்கிறது. இதை வலப்பக்கம் திருப்பினால் லீன்.

ஆனால் எளிய வகை கார்புரேட்டர்களில் இரண்டாவது ஊசி கிடையாது. முன்பக்கம் ஒரு சிறு துளையும் அதன் குறுக்கே ஒரு திருகும் இருக்கும். அந்தத் துளை வழியே ஐட்லிங்கில் கூடுதல் காற்று போகிறது. இங்கே திருகை வலப்பக்கம் திருப்பினால் காற்று அடைபடும், அதாவது ரிச். திசை நேர் எதிர். எதைத் திருப்புகிறோம் என்று தெரியாமல் திருப்பினால், நன்றாக இருந்த எஞ்சின் பத்து நிமிடத்தில் கிளம்பாத எஞ்சினாகிவிடும். முன்பக்கத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேரலை முழுவதும் மூடவிடாமல் தடுக்கும் இன்னொரு திருகும் சிலவற்றில் உண்டு. அதற்கும் கலவைக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது ஊசியின் அமைப்பு முழுவதும் தொலைந்துபோயிருந்தால், ஒரு நல்ல தொடக்கப்புள்ளியைப் பிடிக்க வழி இருக்கிறது. பிரதான ஊசியை இரண்டரைச் சுற்றுத் திறந்து வையுங்கள். பேரலை 0.5 முதல் 1 மில்லிமீட்டர் பிளவு மட்டும் தெரியும்படி வையுங்கள். நிப்பிளில் காற்று நிறைந்த சிரிஞ்சை மாட்டி மெல்ல அழுத்திக்கொண்டே, ஐட்லிங் ஊசியை முழுவதும் மூடிய நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். காற்று சிறிது தடையோடு சீறிப் போகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் இதில் கிளம்பி ஓடும். மீதியை ஓடும்போது சரிசெய்யலாம்.

மறுபடி அமைப்பது

பழுது நீங்கிய பிறகுதான் அமைப்பு. விமானத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது வாலைக் கட்டிவைக்க வேண்டும். ஊசியைத் திருப்பும்போது எப்போதும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள். 11 அங்குல புரொப்பெல்லர் 12,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துப் பட்டை, பிளக் பேட்டரியின் ஒயர் எதுவும் அருகில் தொங்கக் கூடாது. மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. சிந்திய எரிபொருளைத் துடைத்த பிறகே பிளக்கை இணையுங்கள்.

பிரதான ஊசியை எஞ்சின் கையேடு சொல்லும் அளவுக்குத் திறங்கள். கையேடு இல்லையென்றால் இரண்டரைச் சுற்று. எஞ்சின் கிளம்பியதும் அரை நிமிடம் சூடாகட்டும். முழு திராட்டில் கொடுத்து, இரண்டு க்ளிக்காக மூடி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருங்கள். ஊசியின் மாற்றம் உடனே காதுக்கு வராது. உச்சம் எது என்று தெரிந்ததும், அங்கிருந்து 300 ஆர்.பி.எம். இறங்கும் அளவுக்குத் திறங்கள். ஆர்.பி.எம். அளக்கும் டேக்கோமீட்டர் இல்லாவிட்டால், சத்தம் சற்றே தாழ்ந்து, வெளியேறும் புகை மெல்லிய கோடாகத் தெரியும் இடம். இப்போது விமானத்தின் மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சத்தம் மாறாமலோ லேசாக உயர்ந்தோ இருந்தால் சரி. தொய்ந்தால் இரண்டு க்ளிக் திறந்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத விமானத்தை ஓடுபாதைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

பிரதான ஊசி முடிந்த பிறகே ஐட்லிங். முதலில் ஐட்லிங்கைத் தொட்டால் வேலை இரட்டிப்பாகும், ஏனென்றால் பிரதான ஊசியின் மாற்றம் கீழேயும் பாதிக்கும். 2,500 ஆர்.பி.எம். அளவில் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் ட்யூபைக் கிள்ளிப் பிடியுங்கள். உடனே நின்றால் லீன். இரண்டு மூன்று நொடி அப்படியே ஓடி, லேசாக வேகம் கூடி நின்றால் சரியான இடம். வேகம் நன்றாக ஏறி, நீண்ட நேரம் ஓடினால் ரிச். கூடவே திராட்டிலை விரைந்து திறந்தும் பாருங்கள்: புகையோடு குமுறித் தயங்கி ஏறினால் ரிச், சத்தமே இல்லாமல் சட்டென்று நின்றால் லீன். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழு திராட்டில் கொடுத்து உள்ளே தேங்கிய எரிபொருளை எரித்துவிட்டு, பிறகு மறுபடி ஐட்லிங்குக்கு வந்து சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய அமைப்பின் மிச்சத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

வானிலை மாறினால் இரண்டு மூன்று க்ளிக் மாறுவது இயல்பு, அது கோளாறு அல்ல. வெப்பமான, ஈரமான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. எரிபொருளும் குறைவாகவே வேண்டும், ஊசியை மூட வேண்டும். குளிர்ந்த காலையில் திறக்க வேண்டும். சென்னையில் அமைத்த எஞ்சினை 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குக் கொண்டுபோனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். எஞ்சின் ரிச்சாக ஓடும், சக்தியும் குறையும். அப்போது ஊசியை மூடத்தான் வேண்டும், அதேசமயம் கடற்கரைக்குத் திரும்பி வந்ததும் பறக்கும் முன் திறந்துவிட வேண்டும்.

ஓட்டி முடித்த பிறகு

கடைசியாக எஞ்சினை நிறுத்தும்போது எரிபொருள் ட்யூபைக் கிள்ளி, உள்ளே இருப்பது எரிந்து தீரும்வரை ஓடவிடுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தேங்கிய எரிபொருளால் பேரிங் துருப்பிடிக்கும், ஊசியின் இருக்கையில் பசை படியும். எரிபொருள் கேனின் மூடியையும் இறுக்கி வையுங்கள். கடலோர ஊர்களில் பாதி திறந்த கேன் சில வாரங்களில் கெட்டுவிடும், அதன் பிறகு எந்த ஊசி அமைப்பும் நிலைக்காது.

பல மாதம் கிடந்து ஆமணக்கெண்ணெய் பழுப்பு வார்னிஷாக இறுகிய கார்புரேட்டரில் ஊசியோ பேரலோ அசையாவிட்டால் குறடு போட்டுத் திருப்ப வேண்டாம். கைக்குக் கழன்றுவரும் ஓ-ரிங், பிளாஸ்டிக் பாகங்களை எடுத்துவிட்டு, கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டில், கொதிக்காத மிதமான சூட்டில் சில மணி நேரம் ஊறவையுங்கள். அதுவும் விஷம், சமையல் பாத்திரமும் சமையலறையும் கூடாது, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இளகியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, மெத்தனாலால் ஈரத்தை விரட்டி, உடனே எண்ணெய் விடுங்கள். மறுபடி பூட்டும்போது சூட்டில் தங்கிவிட்ட ஓ-ரிங் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எல்லா ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள்.